வைஃபை பெட்டியும் கிணத்து ஃபுட் வால்வும்



மல்லாட்டைக்கு ஜிப்சம் போட்டு மண்ணு அணைச்சாச்சு. ரெண்டு நாளா கழனியில பெரிசா வேலை இல்லை. ரொம்ப நாளா எழுதணும்னு மனசுல வச்சிருந்த ஒரு விஷயத்தை இப்ப எழுதிடறேன். வீட்டுல நெட்டுக்குன்னு ஒரு பெட்டி வச்சிருக்கோமே, அதைப் பத்தித்தான். "விவசாயிக்கு எதுக்குய்யா இது"ன்னு கேக்காதீங்க. சிட்டா எடுக்கறது, உழவன் செயலியில விலை பாக்கறது, பிஎம் கிசானுக்கு கேஒய்சி பண்றது எல்லாமே இப்ப நெட்டு வழியாத்தான் நடக்குது.

எங்க ஊரு செய்யார் - ஆரணி ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. பாதி வீட்டுல ஏரு, பாதி வீட்டுல தறி. தறி வீட்டுக்காரங்களுக்குத்தான் முதல்ல நெட்டு தேவைப்பட்டுச்சு. ஆரணியில இருந்து முதலாளி புடவை டிசைனையும் கலரையும் வாட்ஸ்அப்ல அனுப்புவாரு, அதைப் பாத்து இங்க பாவு ஏத்துவாங்க. அப்புறம் கொரோனா சமயத்துல புள்ளைங்க படிப்புக்குன்னு மத்த வீடுகளுக்கும் வந்துச்சு. கேபிள் டிவி ஒயர் இழுத்த தம்பிங்களே இப்ப ஃபைபர் ஒயரும் இழுத்துத் தர்றாங்க. கிராமத்துக்கெல்லாம் ஃபைபர் குடுக்கணும்னு மத்திய அரசு 2011-லயே ஒரு திட்டம் ஆரம்பிச்சது. அதுக்கு இப்ப பாரத்நெட்னு பேரு. நம்ம மாநிலத்துல 12,525 ஊராட்சிக்கும் இழுக்கற வேலை தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்தோட பொறுப்பு. ஊராட்சி ஆபீசு வரைக்கும் வர்றது வேற, நம்ம வீட்டு வாசப்படி தாண்டி வர்றது வேற. வீட்டுக்குள்ள வர்றது பெரும்பாலும் கேபிள்கார தம்பி புண்ணியம்தான்.

இந்தப் பெட்டிக்கு ஆளாளுக்கு ஒரு பேரு சொல்றாங்க. ஒருத்தர் மோடம்ங்கறாரு, இன்னொருத்தர் ரூட்டர்ங்கறாரு, எங்க வீட்டம்மா வைஃபை பொட்டின்னு சொல்லுவாங்க. மூணு பேரு சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. மோடம்ங்கறது டெலிபோன் ஒயர்ல நெட்டு வந்த காலத்துப் பேரு. ஒயர்ல வர்ற சிக்னலை கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கறது அது. இப்ப வர்றது கண்ணாடி இழை. தலைமுடி மொத்தம்தான் இருக்கும், அதுக்குள்ள வெளிச்சம் ஓடி வருது. அந்த வெளிச்சத்தை வாங்கி மின்சார சிக்னலா மாத்தறதுக்கு ஓஎன்டின்னு பேரு. மாத்தினதை போனு, டிவி, லேப்டாப்புன்னு பிரிச்சுக் குடுக்கறது ரூட்டர். பிரிச்சதை ஒயர் இல்லாம காத்துல அனுப்பறது வைஃபை. மூணு வேலையையும் ஒரே டப்பாவுல அடைச்சிட்டாங்க. மோட்டாரு, டெலிவரி பைப்பு, மடை எல்லாத்தையும் ஒரே ஷெட்டுல வச்ச மாதிரி.

பெட்டி முகப்புல இருக்கற விளக்கைப் படிக்கத் தெரிஞ்சா பாதி தலைவலி குறையும். பிஓஎன்னு எழுதியிருக்கற விளக்கு பச்சையா நின்னு எரிஞ்சா வெளிச்சம் ஒழுங்கா வருதுன்னு அர்த்தம். எல்ஓஎஸ்னு எழுதியிருக்கறது சிவப்பா சிமிட்டினா வெளிச்சம் வரலை. அப்ப பெட்டியை அணைச்சு அணைச்சுப் போட்டு ஒண்ணும் ஆகாது. கரும்பு லோடு ஏத்திக்கிட்டு சர்க்கரை ஆலைக்குப் போற டிராக்டரு எங்கயாவது ஒயரை அறுத்திருக்கும், இல்லன்னா எலி வேலை. பச்சை விளக்கு சரியா இருந்தும் நெட்டு வரலைன்னா மாசப் பணம் கட்டியிருக்கான்னு பாருங்க. இந்தக் கண்ணாடி ஒயரை ஆணியில மடிச்சுச் சுத்தி வைக்கக் கூடாது. வளைச்சு மடக்கினா உள்ள ஓடற வெளிச்சம் வெளிய சிந்திடும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இதெல்லாம் நான் உக்காந்து கத்துக்க வேண்டிய அவசியம் போன வருஷம் வந்துச்சு.

எங்க வீட்டம்மாவோட தம்பி, எனக்கு மச்சான், பக்கத்து ஊருல கரும்பு வச்சிருக்கான். வெட்டுக்கூலி, வண்டிக் கூலியெல்லாம் போக கையில நின்ன பணம் வங்கியில இருந்துச்சு. ஒரு நாள் ராத்திரி அதுல 43,000 ரூபா மூணு தடவையா காணாம போயிடுச்சு. அன்னைக்கு சாயந்திரம் எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து எங்க வைஃபையில வீடியோ பாத்துட்டுப் போயிருந்தான். யாரு கிளப்பிவிட்டாங்களோ தெரியாது, ரெண்டு நாள்ல ஊரு பூரா ஒரே பேச்சு. "அவங்க வீட்டு வைஃபை பொட்டிதான் பணத்தை இழுத்துடுச்சாம்." மச்சான் பொண்டாட்டி எங்க தெருவுக்கே வர்றதில்லை. அவங்க புள்ளைக்கு காது குத்துனப்ப தாய்மாமன் உறவு, அத்தை உறவுன்னு எல்லாருக்கும் பத்திரிகை வந்துச்சு, எங்களுக்கு வரலை. கூடப்பிறந்த தம்பி வீட்டு விசேஷம். எங்க வீட்டம்மா ராத்திரியெல்லாம் அழுதுட்டு காலையில "அந்த சனியன் புடிச்ச பொட்டியை கழட்டி வீசுங்க"ன்னு சொல்லிட்டாங்க.

கழட்டறது ஒரு நிமிச வேலை. ஆனா மக குரூப் 4 பரீட்சைக்கு அதுலதான் படிக்கறா. செய்யார்ல போயி கோச்சிங் சேரணும்னா பஸ்ஸு, பீஸு, ராத்திரி திரும்பி வர்றதுன்னு எவ்வளவோ இருக்கு. பெட்டியில தப்பு இருந்தா கழட்டியே ஆகணும். இல்லாத பழியைச் சுமந்துகிட்டு மக படிப்பை ஏன் கெடுக்கணும்? லைன் இழுத்த தம்பியை வரச் சொல்லி, மகளையும் பக்கத்துல உக்கார வச்சி ஒரே கேள்விதான் கேட்டேன். "இந்தப் பெட்டி வழியா எவனாவது உள்ள பூந்து போன்ல இருக்கறதை எடுக்க முடியுமா?"

அந்தத் தம்பி நல்ல புள்ளை. பொறுமையா சொன்னான். நான் அதை எங்க கிணத்து பாஷைக்கு மாத்திக்கிட்டேன்.

பெட்டிக்கு வெளி உலகத்துல ஒரு முகவரி இருக்கும், ஐபி முகவரின்னு பேரு. வீட்டுக்குள்ள இருக்கற ஒவ்வொரு போனுக்கும் பெட்டியே தனியா ஒரு உள் முகவரி குடுக்கும். 192.168-னு ஆரம்பிக்கிற நம்பரு பெரும்பாலும் அதுதான். வெளியில இருந்து பாக்கறவனுக்கு வீடு தெரியும், வீட்டுக்குள்ள எந்த ரூம்ல யாரு இருக்காங்கன்னு தெரியாது. உள்ள இருந்து நாம ஒண்ணு கேட்டா அதுக்கான பதிலை மட்டும் பெட்டி உள்ள விடும். நாம கேக்காம வெளியில இருந்து எவனாவது கதவைத் தட்டினா, எந்தப் போனுக்கு அனுப்பறதுன்னு பெட்டிக்குத் தெரியாது, தள்ளிவிட்டுடும். இதோட ஃபயர்வால்னு ஒரு காவலும் இருக்கு. எங்க கிணத்து மோட்டாருக்கு அடியில ஃபுட் வால்வு இருக்கில்ல, இழுத்தா தண்ணி மேல வரும், திரும்பிக் கீழ இறங்காது. அது மாதிரி ஒரு பக்கம் மட்டும் திறக்கற கதவு.

"அப்ப பெட்டியில தப்பு இல்லைதானே"ன்னேன். "இருங்க மாமா, போனை வாங்கிட்டு வாங்க"ன்னான்.

மச்சானை வரவைக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு. நானே வண்டியை எடுத்துக்கிட்டு அவங்க ஊருக்குப் போனேன். அவன் பொண்டாட்டி உள்ளயே இருந்துட்டாங்க, ஒரு சொம்பு தண்ணி கூட வெளிய வரலை. மச்சான் மட்டும் வாசல்ல நின்னு போனைக் குடுத்தான். அதுல பாத்தது இது.

பணம் போறதுக்கு ரெண்டு நாள் முன்ன வாட்ஸ்அப் குரூப்புல ஒரு ஃபைல் வந்திருக்கு. பிஎம் கிசான்னு பேரு, கடைசியில ஏபிகேன்னு மூணு எழுத்து. "உங்கள் 2,000 ரூபாய் தவணை நிறுத்தப்பட்டுள்ளது, உடனே பதிவு செய்யவும்"னு தமிழ்லயே எழுதியிருக்கு. பிஎம் கிசான்ல வருஷத்துக்கு 6,000 ரூபா மூணு தவணையா வர்றது நமக்கெல்லாம் தெரியும். கேஒய்சி பண்ணாதவங்களுக்கு தவணை நிக்கறதும் நிசம்தான். அதனாலதான் நம்பற மாதிரி இருக்கு. அனுப்புன நம்பரும் தெரிஞ்ச ஆளோடது. அவரு போன்ல இதே ஃபைல் புகுந்து, அவருக்கே தெரியாம அவரு பேருல எல்லா குரூப்புக்கும் போயிருக்கு.

ஏபிகேன்னா ஆப்பை போன்ல ஏத்தறதுக்கான மூட்டை. பிளே ஸ்டோர்ல எடுத்தா கூகுள் ஓரளவு சோதிச்சுத் தரும். வாட்ஸ்அப்ல வர்ற மூட்டை அந்த ஸ்டோர் சோதனை வழியா வர்றதில்லை. போன் எச்சரிக்கும், "தெரியாத இடத்துல இருந்து வருது, ஏத்தலாமா"ன்னு. மச்சான் சரின்னு தட்டியிருக்கான். அடுத்து அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கு, அதுக்கும் சரி. அப்புறம் பேரு, ஆதாரு, கணக்கு நம்பரு, ஏடிஎம் கார்டு விவரம் எல்லாம் அரசாங்க ஆப் மாதிரியே கட்டம் கட்டமா கேட்டிருக்கு, எல்லாத்தையும் நிரப்பியிருக்கான்.

வங்கிப் பணத்துக்கு ரெண்டு சாவி. ஒண்ணு நமக்குத் தெரிஞ்ச கார்டு விவரம், இன்னொண்ணு அந்தந்த நேரத்துக்கு வர்ற ஓடிபி. முதல் சாவியை கட்டத்துல நிரப்பிட்டான். ரெண்டாவதை, எஸ்எம்எஸ் படிக்கற அனுமதியை வச்சிக்கிட்டு அந்த ஆப்பே எடுத்து அவனுங்களுக்கு அனுப்பிடுச்சு. யாரும் போன் பண்ணி ஓடிபி கேக்கலை. "நான் யாருக்கும் ஓடிபி சொல்லலையே"ன்னு மச்சான் அடிச்சு சொன்னான். அவன் சொன்னது நிசம்தான்.

ஓடிபி வந்த நேரத்தைப் பாத்தோம். ராத்திரி 11.40, 11.43, 11.51. அந்த நேரம் அவன் அவங்க வீட்டுல படுத்திருக்கான், எங்க பெட்டியில இருந்து நாலு கிலோமீட்டரு தள்ளி. எஸ்எம்எஸ் வர்றது செல்போன் டவர் வழியா. அதை அந்த ஆப்பு வெளிய அனுப்பினது அவன் போன் டேட்டாவுல. எங்க வீட்டு ஒயருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. இதை அவன் பொண்டாட்டி கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

ஃபுட் வால்வுக் கதையில இன்னொரு பாதி இருக்குன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. அந்த ஃபைலை அவன் எங்க திண்ணையில உக்காந்தே இறக்கியிருந்தாலும் எங்க பெட்டி அதைத் தடுத்திருக்காது. கேக்காம வர்றதைத்தான் அது தடுக்கும். நாமளே கேட்டு இழுத்துக்கிட்டதை உள்ள விடறதுதான் அதோட வேலையே.

பூட்டுப் படத்தைப் பத்தியும் அன்னைக்குப் பேச்சு வந்துச்சு. பிரவுசர்ல முகவரிக்குப் பக்கத்துல பூட்டு இருந்தா பத்திரம்னு எங்கயோ படிச்சதா மச்சான் சொன்னான். பூட்டுன்னா எச்டிடிபிஎஸ், அதாவது போற வர்ற சேதி நடுவுல எவனும் படிக்க முடியாதபடி மறைச்சுப் போகுது. கேளூர் மாட்டுச் சந்தைக்குப் போனவங்களுக்கு இது சுலபமா விளங்கும். தரகரும் வாங்கறவரும் துண்டுக்கு அடியில கையை விட்டு விரலைப் புடிச்சு விலை பேசுவாங்க. சுத்தி நூறு பேரு நின்னாலும் பேரம் நடக்குதுன்னு தெரியுமே தவிர என்ன விலைன்னு தெரியாது. பூட்டுப் படம் அந்தத் துண்டு. துண்டு போட்டுப் பேசறதால அந்தத் தரகரு யோக்கியன்னு ஆயிடுமா? திருடன் வச்சிருக்கற வெப்சைட்டுலயும் பூட்டு இருக்கும். முகவரியை எழுத்து எழுத்தாப் படிக்கணும். இந்திய அரசாங்க வெப்சைட்டு முகவரி பெரும்பாலும் கவ் டாட் இன்னு முடியும். பிஎம் கிசானோடதும் அப்படித்தான்.

எங்க பெட்டி இந்த விஷயத்துல குத்தம் பண்ணலைன்னு ஆயிடுச்சு. அதுக்காக எந்தப் பெட்டியிலயும் ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்.

பெட்டிக்கு ரெண்டு பாஸ்வேர்டு இருக்கு. இது நிறைய பேருக்குத் தெரியாது. ஒண்ணு வைஃபை பாஸ்வேர்டு, போனை பெட்டியோட சேக்கறதுக்கு. இன்னொண்ணு பெட்டியோட செட்டிங்குக்குள்ள போறதுக்கு. முதலாவது வீட்டு வாசல் சாவின்னா ரெண்டாவது பத்திரம் வச்சிருக்கற பீரோ சாவி. லைன் போட வர்ற தம்பிங்க பல வீட்டுல வைஃபை பாஸ்வேர்டா வீட்டுக்காரரு போன் நம்பரையே போட்டுட்டுப் போயிடறாங்க. குறைஞ்சது 8 எழுத்து வேணும், போன் நம்பருல 10 இருக்கு, மறக்கவும் மறக்காது. ஆனா ஊருல உங்க நம்பரு தெரியாதவன் யாரு? பீரோ சாவி இன்னும் மோசம். அட்மின், அட்மின்னு கம்பெனியில இருந்து வந்தபடியே பல வீட்டுல கிடக்கும். எங்க வீட்டுல மக முதல் வாரத்துலயே ரெண்டையும் மாத்தி நோட்டுல எழுதி வச்சிருந்தா.

மாத்தாம விட்டா என்ன ஆகும்? 2008 ஜூலை 26-ல ஆமதாபாத்ல குண்டு வெடிச்சுது. வெடிக்கறதுக்குக் கொஞ்ச நேரம் முன்ன டிவி சேனலுக்கெல்லாம் மிரட்டல் மெயில் போச்சு. போலீசு ஐபி முகவரியைப் புடிச்சிக்கிட்டுப் போனா, அது நவி மும்பையில ஒரு அமெரிக்கக்காரரு வீடு. அவரு வீட்டு வைஃபையை எவனோ வெளியில இருந்து உபயோகிச்சிருக்கான். அந்த மனுசன் விசாரணை, சோதனைன்னு பட்ட பாடு அப்ப எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. வெளி உலகத்துக்கு வீட்டு முகவரிதான் தெரியும், திண்ணையில உக்காந்திருந்தவன் பேரு தெரியாதுன்னு மேல சொன்னேனில்ல, அதோட மறுபக்கம் இது.

பீரோ சாவி கதை 2016-ல நடந்தது. மிராய்னு ஒரு கெட்ட நிரலு. அது பண்ணின வேலை ரொம்ப சாதாரணம். அட்மின் அட்மின் மாதிரி கம்பெனி பாஸ்வேர்டு 60-க்கு மேல ஒரு பட்டியல் வச்சிக்கிட்டு, உலகம் பூரா இருக்கற ரூட்டரு, சிசிடிவி கேமரா கதவையெல்லாம் ஒண்ணொண்ணா திறந்து பாத்துச்சு. லட்சக்கணக்குல திறந்துக்கிச்சு. அதையெல்லாம் படையா சேத்து அந்த வருஷம் அக்டோபர்ல ஒரே இடத்து மேல ஏவினதுல, அமெரிக்காவுல ட்விட்டரு, நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் நிறைய பேருக்கு மணிக்கணக்குல வேலை செய்யலை. கேமரா சொந்தக்காரனுக்கு தன் கேமரா சண்டைக்குப் போயிட்டு வந்ததே தெரியாது. இப்ப கழனி கேட்டுல, மோட்டார் கொட்டாயில எல்லாம் கேமரா மாட்டறோம். மாட்ற அன்னைக்கே பாஸ்வேர்டை மாத்திடுங்க.

செட்டிங்குக்குள்ள போனீங்கன்னா வைஃபை பாதுகாப்புன்னு ஒரு இடத்துல டபிள்யூபிஏ2 அல்லது 3-ன்னு இருக்கணும். டபிள்யூஇபின்னு இருந்தா அது பழசு, நிமிசத்துல உடைச்சிடலாம். டபிள்யூபிஎஸ்னு பட்டனை அழுத்தி சேக்கற வசதி இருந்தா அதையும் அணைச்சிடச் சொன்னான் தம்பி.

மச்சான் பணத்துக்கு வர்றேன். பணம் போனது தெரிஞ்சா முதல்ல 1930-க்கு போன் பண்ணணும். மத்திய உள்துறையோட சைபர் குற்ற உதவி எண் அது. வங்கிக்கும் உடனே சொல்லணும். திருடின பணம் ஒரு கணக்குல இருந்து இன்னொரு கணக்குக்கு, அங்க இருந்து வேற வேற கணக்குக்குன்னு வாய்க்கா தண்ணி மாதிரி பிரிஞ்சு ஓடும். மடை மடையா பிரியறதுக்குள்ள அடைச்சாத்தான் உண்டு. மச்சான் மூணாம் நாள்தான் போன் பண்ணினான். அதுவரைக்கும் எங்க பெட்டியைத் திட்டறதுலயே நேரம் போயிடுச்சு. கோவம் இல்லை, வருத்தம்தான். 11,000 ரூபாயை ஏதோ ஒரு கணக்குல நிறுத்தி வச்சிருக்கறதா சொல்லியிருக்காங்க. மீதி போனதுதான்.

ரிசர்வ் வங்கி 2017-ல போட்ட உத்தரவு ஒண்ணு இருக்கு. நம்ம மேலயும் வங்கி மேலயும் தப்பில்லாம வேற எங்கயோ கோளாறுல பணம் போயிருந்தா, தகவல் வந்து மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா நமக்கு நட்டம் இல்லை. நாமளே விவரத்தைக் குடுத்திருந்தா, வங்கிக்குச் சொல்ற வரைக்கும் போனது நம்ம தலையில. சொன்னதுக்கு அப்புறம் போறது வங்கி தலையில. வங்கியில அதிகாரி சொன்னதும் இதுதான். கேக்க கசப்பா இருந்துச்சு, ஆனா அதனாலதான் ராத்திரியோ பகலோ உடனே சொல்லணும்ங்கறேன். போனை மச்சான் முழுசா அழிச்சு புதுசா செட் பண்ணிட்டான். அந்த ஆப்போட படமே போன்ல தெரியாம ஒளிஞ்சிருந்துச்சு, செட்டிங்ல போயித்தான் கண்டுபுடிச்சோம்.

பொங்கலுக்கு மறுநாள், மாட்டுப் பொங்கல் அன்னைக்கு, மச்சான் குடும்பத்தோட வந்தான். அவன் பொண்டாட்டி எங்க வீட்டம்மாகிட்ட ஒண்ணும் பேசலை, நேரா அடுப்படிக்குப் போயி வடைக்கு உளுந்து ஆட்ட ஆரம்பிச்சிட்டாங்க. எங்க வீட்டம்மாவும் ஒண்ணும் கேக்கலை. எங்க பக்கம் சமாதானம் இப்படித்தான் நடக்கும்.

பெட்டி இருந்த இடத்துலயே இருக்கு. ஒரு மாத்தம் மட்டும் பண்ணியிருக்கோம். கெஸ்ட் நெட்வொர்க்னு ஒரு வசதி இருக்கு, அதாவது வர்றவங்களுக்குத் தனி வைஃபை. அதுல சேர்ற போனுக்கு வெளி நெட்டு கிடைக்கும், நம்ம வீட்டுப் போனு, லேப்டாப்பு பக்கம் அது எட்டிப் பாக்க முடியாது. வீட்டு வைஃபை எங்க நாலு பேருக்கு மட்டும். தெருப் புள்ளைங்க ஹோம்வொர்க்குன்னு வந்து உக்காருதுங்க, யாரையும் போகச் சொல்ல மனசு வராது. ஆனா முன்ன சொன்ன நவி மும்பை கதை ஞாபகம் இருக்கறதால, கெஸ்ட் பாஸ்வேர்டை மக மாசா மாசம் மாத்தறா, யாருக்குக் குடுத்தோம்னு நோட்டுல பேரு எழுதிக்கறா. ராத்திரி ஒன்பது மணிக்கு கெஸ்ட் வைஃபை தானா நின்னுடற மாதிரி நேரமும் வச்சிருக்கா. 9.05-க்கெல்லாம் திண்ணை காலியாயிடுது.